மாப்பிள்ளை முறுக்கு

அந்த ஒர்க்ஷாப்பில் மூத்தவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அவருடைய காதுக்குக் கிடைத்த மரியாதை. ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைக்காமல், தலையையும் நிமிர்த்தாமல், "முன்னால இடது பக்கம் பேரிங் போயிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அப்படி இல்லாமல் போன நாட்களும் உண்டு. அவற்றை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

மூத்தவர் என்றால் வயதானவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தாறு வயது. தலைமுடி முழுசாக இருக்கிறது, நூறு கிலோ கியர்பாக்ஸை இன்னொரு ஆளோடு சேர்ந்து தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்காமல் பேசுவார். இந்தப் பட்டம் மாமனார் வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டில் இரண்டு பெண்கள், மூத்த பெண்ணைக் கட்டியவர் இவர். பதினோரு வருஷம் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருந்தார். 'மாப்பிள்ளை' என்று யாராவது குரல் கொடுத்தால், அது இவரைத்தான். இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் 'மூத்த மாப்பிள்ளை' ஆனார். அதுவரைக்கும் சரி, அதில் ஒரு பதவி உயர்வு மாதிரிகூட ஏதோ இருந்தது. பிறகு எந்த நாளில், யார் வாயிலிருந்து என்று சொல்ல முடியாது, பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் மிஞ்சியது. 'மூத்தவர் வந்துட்டாரா?', 'மூத்தவருக்கு காப்பி குடு.' இப்போது அந்த வீட்டில் 'மாப்பிள்ளை' என்றால் இரண்டாவது பெண்ணின் கணவன். மூத்தவரின் வயிற்றெரிச்சல் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். வேறு எதையும் அவர் பறிகொடுக்கவில்லை, ஆனால் அதைப் பறிகொடுத்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த இரண்டாவது மாப்பிள்ளையை 'இளையவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நாம் மூத்தவரின் தோளுக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறோம். அவர் மனசுக்குள் அவன் எப்போதும் 'அவன்'தான். சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம்.

சின்னவனும் மெக்கானிக். அதுவும் அதே ஒர்க்ஷாப்பில். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே மூத்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வேலை பார்த்த டயர் கடையை மூடிவிட்டார்கள். மூத்தவரின் மனைவி காலையிலும் மாலையிலும் தங்கச்சி புராணம் பாடி, "உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று காதைத் தின்றாள். சொன்னார். முதலாளி உடனே வரச்சொல்லிவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது மூத்தவருக்கு மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துபோனது.

சின்னவன் கெட்டிக்காரன். அதைவிடப் பெரிய குற்றம், அவன் நல்லவன். வண்டி கொண்டுவருகிறவர்களின் பிள்ளை எந்த வகுப்பு, போன தடவை முதுகு வலி என்றாரே அது எப்படி இருக்கிறது, எல்லாம் ஞாபகம் வைத்திருந்து கேட்பான். வேலை செய்யும்போது ஏதாவது ஒரு பாட்டை அரைகுறையாக முனகிக்கொண்டே இருப்பான். நாலு மாதத்தில் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று, "அந்தத் தம்பி இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய எஞ்சினைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தத் தம்பியைக் கூப்பிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மூத்தவருக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. வெளியே தெரியாது. பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்தது.

மாமனார் ஓய்வு பெற்றவர். முப்பத்திநாலு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மருந்துப் பெட்டி கையில் கிடைத்தாலும் முதலில் ஒற்றுப்பிழைதான் கண்ணில் படும். மாமியார் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். சின்னவன் குடும்பம் அடுத்த தெரு. 'அச்சு' என்றால் அவருக்கு எழுத்து, மருமகன்கள் இரண்டு பேருக்கும் சக்கரம், இதை வைத்து மாமனார் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதே நகைச்சுவையைச் சொல்வார். சின்னவன் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பதுபோல் சிரிப்பான். மூத்தவர் சிரிப்பதில்லை. ஒரே நகைச்சுவைக்கு எத்தனை தடவை சிரிப்பது?

மாமனாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்பக்கக் கதவு மேலே தூக்கிக்கொள்ளும் சின்ன ஹேட்ச்பேக், இலைப்பச்சை நிறம். பத்தொன்பது வயது வண்டி. மூத்தவருக்குக் கல்யாணமான வருஷம், செகண்ட்ஹேண்டில் ஏழெட்டு வண்டி பார்த்து, அடியில் படுத்து, தட்டி, மோந்து, இதுதான் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவர்தான். அதற்கு எத்தனை தடவை எண்ணெய் மாற்றினார், எந்த வருஷம் டைமிங் பெல்ட் போட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டில் மற்றதெல்லாம் கைமாறிப் போனாலும், அந்த வண்டி தன்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் போயிற்று.

இரண்டு குடும்பமும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மூத்தவர் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாமனார் உள்ளேயிருந்து வந்து, அவரைத் தாண்டிப் போய், சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னவனிடம் சொன்னார்: "வண்டி பின்னால ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுதுப்பா. நாளைக்கு எடுத்துட்டுப் போய் என்னன்னு பாரு." போன மாதம் ஒரு சைக்கிள்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் பலமாக இடித்துவிட்டதாம். அதிலிருந்துதான் இப்படியாம். மூத்தவருக்கும் மாமனாருக்கும் நடுவில் ஆறடி தூரம். இடித்த விஷயமே மூத்தவருக்கு அப்போதுதான் தெரியும். செய்தித்தாளில் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள், முகம் ஏன் முழ நீளத்துக்குத் தொங்குகிறது என்று. அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். அவள் விடவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த வண்டியைப் பார்த்தவன் நான், என்னிடம் சொல்ல உங்கப்பாவுக்கு வாய் வரவில்லையா என்று கொட்டித் தீர்த்தார். நீங்களே அப்பாவிடம் போய், வண்டியை நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்றாள் அவள்.

"நான் எதுக்குப் போய்க் கேக்கணும்? நான் இந்த வீட்டு மாப்பிள்ளை."

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் மாப்பிள்ளை முறுக்கு போகல உங்களுக்கு" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் சின்னவன் வண்டியைக் கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றினான். இடது பின்சக்கரத்தின் டயர் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நேர்க்கட்டையை வைத்துப் பார்த்ததில் சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பி, மேலே உள்ளே சாய்ந்து நின்றது. இந்த மாதிரி வண்டியில் இரண்டு பின்சக்கரமும் ஒரே பீமில்தான் நிற்கும்: நடுவில் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம், இரண்டு முனையிலும் முன்னோக்கி நீளும் ஒரு கை, அந்தக் கையின் நுனியில் ரப்பர் புஷ், புஷ்ஷின் நடுவே போகும் போல்ட் வண்டியின் உடம்போடு சேரும். இதில் திருப்பி நேராக்க எந்தத் திருகும் கிடையாது. வளைந்தால் வளைந்ததுதான், பீமையே மாற்ற வேண்டும். சின்னவன் இதைச் சரியாகத்தான் கண்டுபிடித்தான். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மூத்தவருக்கு, அவன் தப்பாகக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய், அதே மாடல், அதே வருஷம், நேரான ஒரு பீமைச் சின்னவன் தேடிப்பிடித்து வந்தான். துருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். பழைய புஷ்களைத் தள்ளிவிட்டு, புது புஷ்களை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, அவற்றின் மேலிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்க, ஏற்றினான். மூத்தவர் அந்தப் பக்கம் போகவும் வரவுமாக இருந்து அம்புக்குறியைக் கவனித்தார். சரியாக இருந்தது. கை சுத்தம் என்று சொல்ல வேண்டிய வேலை, அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் வந்து நின்றான். "அண்ணே, பீமை இறக்க ஒரு கை குடுங்க. தனியாப் புடிச்சா சாயும்."

மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலை. போனார். சக்கரங்களும் டிரம்களும் ஏற்கெனவே கழன்றிருந்தன. ஹேண்ட்பிரேக் கேபிள்களை அவன் நடுவில் பிரித்து ஓரமாகக் கட்டி வைத்திருந்தான். பிரேக் குழாயின் நட்டுகள் துருப்பிடித்து, வட்டமாகத் தேயத் தயாராக இருந்தன. அவை மூத்தவரின் கைக்குத்தான் மசிந்தன. பீமுக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, ஷாக் அப்சார்பர்களின் கீழ்ப் போல்ட்டுகளை எடுத்தார்கள். ஜாக்கை மெதுவாக இறக்க, ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து கையோடு வந்தன. கடைசியாக அந்த இரண்டு பெரிய போல்ட்டுகள். வலதுபக்கத்தது வந்துவிட்டது. இடதுபக்கத்தது புஷ்ஷுக்குள்ளே இருந்த இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டு, எண்ணெய் விட்டும் சூடு காட்டியும் அரை மணி நேரம் அழிச்சாட்டியம் பண்ணியது. வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்றார்கள். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு ஆளை வெறுப்பது கஷ்டம், அந்த அரை மணி நேரம் அவர் தன் பொறாமையை மறந்துபோயிருந்தார் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் செய்தது என்ன என்பது புரியாது.

ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழல் உண்டு. போல்ட்டை முறுக்கினால் அந்தக் குழல் வண்டியின் உடம்போடு இறுகி நின்றுவிடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது சுற்றியிருக்கிற ரப்பர்தான் திருகிக் கொடுக்கும். அதனால் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி தன் முழுக் கனத்தோடு சக்கரத்தில் நிற்க வேண்டும். லிஃப்டில், பீம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கிவிட்டால், ரப்பர் தொங்குகிற நிலைதான் தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கியதிலிருந்து அது திருகியபடியே நிற்கும், கழுத்தைத் திருப்பியே வைத்துக்கொண்டு நாள் முழுக்க நில் என்று ஒருத்தனிடம் சொன்ன மாதிரி. இரண்டு மாதத்தில் கிழியும். உயிருக்கு ஆபத்தில்லை. சத்தம் வரும், வண்டி பின்னால் அலைபாயும், வேலை பார்த்தவன் மானம் போகும்.

மூத்தவர் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் தானே அப்படி முறுக்கிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு கற்றது. அன்றிலிருந்து எந்த வண்டியின் பின்அச்சைத் தொட்டாலும், கழற்றுவதற்கு முன்பே அச்சின் நடுவிலிருந்து சக்கர வளைவின் விளிம்புவரை டேப் பிடித்து அளந்து, எந்த உயரத்தில் நின்றதும் முறுக்க வேண்டும் என்று பம்பரில் சாக்பீஸால் எழுதி வைப்பார். வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் அவரே போய் எழுதிவிட்டு வருவார். இந்த வண்டியின் பம்பரில் எழுதவில்லை. மறக்கவில்லை, எழுதவில்லை.

புது பீம் ஏறியது. ஸ்பிரிங் உட்கார்ந்தது, ஷாக் அப்சார்பர் சேர்ந்தது, பிரேக் குழாயைப் பூட்டிக் காற்றெடுத்து முடித்தார்கள். பெரிய போல்ட் இரண்டும் கைமுறுக்கில் நின்றன. வண்டி இன்னும் மேலே, பீம் கீழே தொங்கிக்கொண்டு. அப்போது சின்னவன் சுவரில் மாட்டியிருந்த டார்க் ரெஞ்சை, வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனரை, எடுத்து, கைப்பிடியைத் திருகி, அளவைச் சரியான எண்ணில் வைத்தான். டயர் கடையில் ஐந்து வருஷம் சக்கரம் மட்டுமே மாட்டியவன், பின்அச்சில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எண்ணில்தான் அவனுடைய நம்பிக்கை எல்லாம். எண் சரி. நேரம்தான் தப்பு.

இடதுபக்கம் வைத்து இழுத்தான். 'டக்' என்றது. மூத்தவர் மூன்றடி தூரத்தில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நாக்கு நுனிவரை வந்தது. 'தம்பி, இருங்க, கீழ இறக்கிட்டு' என்று நாலு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமையின் ஆறடி தூரம் கண்முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டார். சின்னவன் முனகிக்கொண்டே வலதுபக்கம் போனான். 'டக்.'

"அண்ணே, ஒரு தடவை பார்த்துடுங்க. சரியா இருக்குல்ல?"

மூத்தவர் "ம்" என்றார்.

அந்த 'ம்' ஆமாம் என்றும் இருக்கலாம், பார்க்கிறேன் என்றும் இருக்கலாம், காதில் விழுந்தது என்றும் இருக்கலாம். வீட்டுக்குப் போகும்வரை அவர் தனக்குத்தானே இப்படி வாதாடிக்கொண்டார். நாம் எதற்குப் பூசி மெழுக வேண்டும், அது ஆமாம்தான்.

வண்டியைத் தரையில் இறக்கியதும் பின்பக்கம் இரண்டு விரல் உயரமாக நின்றது. ரப்பர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அந்த உயரம். மாமனாருக்கோ ஒரே சந்தோஷம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "வண்டி எப்படி நிமிர்ந்து நிக்குது பாரேன், பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி" என்று சின்னவன் முதுகில் தட்டினார். சின்னவன், அண்ணனும்தான் மாமா, கூட இருந்து செஞ்சார் என்றான். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று மாமனார் மூத்தவரைப் பார்த்துக் கும்பிடுவது போலத் தலையசைத்தார். முதுகில் தட்டவில்லை.

அதற்கப்புறம் ஏழு வாரம் மூத்தவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், இவர் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். தெருவில் ஒரு வேகத்தடை இருந்தது. அதில் ஏறி இறங்கும் சத்தத்தைக் கூர்ந்து கேட்பார். முதல் வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரமும் ஒன்றுமில்லை. எதிரியின் வண்டியா, என் கையும் பட்ட வண்டிதானே என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கே மாமனார் போனில், "மாப்பிள்ளை கைபட்டதும் வண்டி புதுசாயிடுச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டார். யார் அந்த மாப்பிள்ளை என்று விளக்க வேண்டியதில்லை. எரிகிற தீயில் எண்ணெய் விழுந்தது. கிழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

என்ன நடக்கும் என்பதை அவர் மனசுக்குள் பல தடவை நடத்திப் பார்த்துவிட்டார். சத்தம் வரும். சின்னவன் குனிந்து பார்ப்பான், ஷாக் அப்சார்பர் என்பான், ஸ்பிரிங் என்பான், பிடிபடாது. அப்போது இவர் சாவகாசமாக எழுந்து வந்து, அடியில் ஒரு பார்வை பார்த்து, ஒரே வாக்கியத்தில் சொல்வார். மாமனார் முகம் மாறும். 'இதுக்குத்தான் மாப்பிள்ளைகிட்ட கேட்டிருக்கணும்' என்பார். இந்த இடத்தை மட்டும் மூத்தவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பார். இத்தனை பாடும் அந்த ஒரு வாக்கியத்துக்காக.

ஐந்தாம் வாரம் வேகத்தடையில் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மூத்தவர் அன்று மதியம் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். என்ன இன்னிக்கு இவ்வளவு குஷி என்று மனைவி கேட்டாள். பசி என்றார். ஏழாம் வாரம் ஒரு புதன்கிழமை காலை, மாமனாரே வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்கு வந்தார். தெருமுனையிலேயே மூத்தவருக்குக் கேட்டுவிட்டது, 'டொக் டொக்' என்று இரண்டு பக்கமும்.

முதலாளி வெளியே போயிருந்தார். ஒர்க்ஷாப்பில் இவர்கள் மூன்று பேர்தான். அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, சின்னவன் கீழே இறங்கினான். ஷாக் அப்சார்பரை ஆட்டிப் பார்த்தான். ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தான். மூத்தவர் நினைத்த வரிசை அப்படியே நடந்தது. அவர் எழுந்து வந்தார். பள்ளத்தில் இறங்கி, விளக்கை அந்தப் புஷ்ஷின் மேல் பிடித்தார். ரப்பர் பாதிச் சுற்று கிழிந்து, உதடு பிரிந்து கிடந்தது.

"வண்டி தொங்கும்போது முறுக்கியிருக்கு. கீழ நின்னப்புறம்தான் முறுக்கணும். அதான் புஷ் கிழிஞ்சிருக்கு" என்றார். குரல் அவர் ஒத்திகை பார்த்த அளவுக்கு நிதானமாகவே வந்தது.

மேலே மாமனார் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் கிழிந்த ரப்பரைப் பார்த்தான், மூத்தவரைப் பார்த்தான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவனுக்கு அந்த 'ம்' ஞாபகம் வந்துவிட்டது என்பது மூத்தவருக்குத் தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறான், நீங்களும்தானே அண்ணே பார்த்தீங்க என்று.

சின்னவன் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, "நான்தான் மாமா முறுக்கினேன். எனக்கு இது தெரியாது. அண்ணனுக்கு இதுல சம்பந்தமில்ல" என்றான்.

மாமனார் பிடித்துக்கொண்டார். அறிவு இருக்கா உனக்கு என்று ஆரம்பித்தவர், தெரியலைன்னா கேட்டுத் தொலைய வேண்டியதுதானே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே, டயர் கடையில காத்து அடிச்சவனெல்லாம் மெக்கானிக்னு நம்பினேன் பார், என்னைச் சொல்லணும் என்று மூச்சுவிடாமல் கொட்டினார். "தண்டம், தண்டம்" என்று பின்னந்தலையில் ஒரு தட்டு தட்டினார். முப்பத்திநாலு வருஷம் பிழை திருத்திய மனுஷர், விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூட விடாமல் திட்டினார். சின்னவன் தலை குனிந்து, "சரி மாமா, சரி மாமா" என்று வாங்கிக்கொண்டிருந்தான். நடுவில் அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சிரிக்கிறியா, இளிக்காதடா" என்று மாமனார் இன்னொரு தட்டு தட்டினார். தட்டிய கையை அவன் தோளிலிருந்து எடுக்கவேயில்லை.

மூத்தவர் பள்ளத்துக்குள் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வாரம் காத்திருந்தது இந்தக் காட்சிக்குத்தான். வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. முன்னைவிட எரிந்தது. கொஞ்ச நேரம் எதனால் என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பதினெட்டு வருஷத்தில் இந்த மனுஷர் தன்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு 'நீ', எனக்கு 'நீங்க' என்று உள்ளூர ஒரு பெருமைகூட வைத்திருந்தார்.

ஏறி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"மாமா, அவனை மட்டும் திட்டாதீங்க. அவன் முறுக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். தப்புன்னு எனக்குத் தெரியும். சரியா இருக்கான்னு என்னைக் கேட்டான். தெரிஞ்சேதான் ம்னு சொன்னேன்."

சின்னவன், விடுங்கண்ணே என்று மெல்ல ஏதோ சொல்ல வந்தான். மூத்தவர் அவனைப் பார்க்கவில்லை. மாமனாரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் வாங்கியது அறியாமல் செய்ததற்கு. இது அறிந்து செய்தது. இதற்கு எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவும் வரட்டும் என்று நின்றார். தலையைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

மாமனார் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. சின்னவன் தோளிலிருந்த கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதனால என்ன மாப்பிள்ளை" என்றார். "உங்களுக்கு ஆயிரம் வேலை. எல்லாத்தையும் நீங்க சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? நான்தான் உங்க முன்னாடி சத்தம் போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

பிறகு சின்னவன் பக்கம் திரும்பினார். "மரம் மாதிரி நிக்கிறியேடா. அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடு."

சின்னவன் முதலாளி அறைக்குள் போய், கைவைத்த நாற்காலியைத் தூக்கி வந்து, துணியால் துடைத்துப் போட்டான். இருபத்திரண்டு வருஷமாக மூத்தவர் வேலை பார்க்கும் ஒர்க்ஷாப் அது. உட்காருங்க அண்ணே என்றான். அவர் உட்கார்ந்தார். சின்னவன் ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கினான், மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் குந்தி விளக்கைப் பிடித்தார். திட்டு மறுபடி ஆரம்பித்தது. மூத்தவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அதில் ஒன்றுகூட அவருக்கானது இல்லை.